கல்வியில் சமவாய்ப்பு: உலகக் கணக்கும் நம் வட்டாரக் கணக்கும்



ஆண்டு இறுதி நெருங்கினால் ஆறாம் ஆண்டு மாணவர்களிடமிருந்து ஒரு கேள்வி வரும். "டீச்சர், நான் போற செகண்டரி ஸ்கூல்ல தமிழ் இருக்கா?" நாமும் பெரும்பாலும், "இருக்கும்யா, போய்க் கேட்டுப் பாரு" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். கேட்டது பன்னிரண்டு வயதுப் பிள்ளை. போய் யாரைக் கேட்கும்? எப்படிக் கேட்கும்?

கல்வியில் சமவாய்ப்பு என்று உலக நாடுகள் பேசுவதெல்லாம் இந்தச் சின்னக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. ஐக்கிய நாட்டுச் சபையின் இலக்குகள், யுனெஸ்கோவின் எண்கள், நம் நாட்டுச் சட்டங்கள் ஆகியவற்றைத் தாசேக் கெலுகோரிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஆசிரியர்களுக்கு இதில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மாணவர்களுக்குக் கட்டுரைத் தேர்வில் பயன்படுத்தத்தக்க கருத்துகளும் எண்களும் உண்டு.

மூன்று சொற்கள், மூன்று பொருள்

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தேர்வுத் தாளில் பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது.

வாய்ப்பு என்பது பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைப்பது. பள்ளி இருக்கிறது, சேர்த்துக்கொள்கிறார்கள், பிள்ளை போகிறது. அவ்வளவுதான்.

சமத்துவம் என்பது எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவாகத் தருவது. அரசாங்கம் இரவலாகக் கொடுக்கும் பாடநூல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1975-இல் இத்திட்டம் வந்தபோது குடும்ப வருமானத்தைப் பார்த்தே நூல் கொடுத்தார்கள். 2008 முதல் வருமான வரம்பு இல்லை, எல்லாருக்கும் உண்டு. 2023 முதல் வருமான வரம்பின்றி ஒவ்வொரு மாணவருக்கும் வழங்கப்படும் 150 ரிங்கிட் தொடக்க உதவித் தொகையும் இந்த வகைதான்.

சமநீதி என்பது யாருக்கு எது குறைகிறதோ அதைப் பார்த்துக் கொடுப்பது. ஆர்.எம்.டி. என்று நாம் சொல்லும் துணை உணவுத் திட்டம் 1979 முதல் நடந்து வருகிறது. அந்த உணவு எல்லாருக்கும் கிடையாது. காலையில் வெறும் வயிற்றோடு வரக்கூடிய வறிய குடும்பத்துப் பிள்ளைக்கே முதலில் போகிறது. "ஏன் சார் அவனுக்கு மட்டும்?" என்று பக்கத்துப் பிள்ளை கேட்டால், அந்த இடத்திலேயே சமநீதி என்றால் என்ன என்று விளக்கிவிடலாம். பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் வயிறு நிறைந்த பிள்ளைக்கும் ஒரே பாடத்தை ஒரே மாதிரி நடத்துவது பார்வைக்குச் சமமாகத் தெரியும். பலன் சமமாக இருக்காது.

தமிழ்நாட்டில் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைப் பள்ளிகளில் விரிவுபடுத்தியதும், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெரிதாக்கியதும், 2022-இல் அங்குத் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவு தொடங்கியதும் இதே எண்ணத்தில்தான். பிள்ளையைப் பள்ளிக்கு வரவைப்பதும், வந்த பிள்ளையைப் படிக்கவைப்பதும் வெவ்வேறு வேலைகள்.

நம் நாட்டின் மலேசியக் கல்வி மேம்பாட்டுத் திட்டம் 2013–2025 ஐந்து எதிர்பார்ப்புகளை முன்வைத்தது: வாய்ப்பு, தரம், சமநீதி, ஒற்றுமை, செயல்திறன். வாய்ப்பையும் சமநீதியையும் அது தனித்தனியாக எழுதியிருப்பதைக் கவனியுங்கள். ஒன்று வந்தால் மற்றதும் தானாக வந்துவிடும் என்று அது எடுத்துக்கொள்ளவில்லை.

உலகம் நடந்த பாதை

1948-இல் வெளியான அனைத்துலக மனித உரிமைப் பிரகடனத்தின் 26-ஆம் பிரிவு, கல்வி ஒவ்வொருவரின் உரிமை என்றது. தொடக்கக் கல்வி இலவசமாகவும் கட்டாயமாகவும் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் உரிமை என்று எழுதிவைத்துவிட்டால் பள்ளிக்கூடம் வந்துவிடாது. 1990-இல் தாய்லாந்தின் ஜொம்தியன் நகரில் உலக நாடுகள் கூடி "அனைவருக்கும் கல்வி" என்ற உறுதியை எடுத்தன. 2000-இல் செனெகல் நாட்டின் டாக்கார் நகரில் மீண்டும் கூடி, 2015-க்குள் முடிக்க வேண்டும் என்று காலக்கெடு வைத்தன. அதே 2000-இல் வந்த ஆயிரமாண்டு மேம்பாட்டு இலக்குகளிலும் தொடக்கக் கல்வி இடம்பெற்றது.

பலன் இருந்ததா? இருந்தது. 2000-இல் உலகில் தொடக்கப்பள்ளி வயதில் பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் ஏறத்தாழ 100 மில்லியன். 2015-இல் அது 57 மில்லியனாகக் குறைந்தது. பதினைந்து ஆண்டுகளில் கிட்டத்தட்டப் பாதி. இதைச் சாதனை என்றே சொல்ல வேண்டும்.

2015 செப்டம்பரில் ஐக்கிய நாட்டுச் சபை 17 நிலையான மேம்பாட்டு இலக்குகளை ஏற்றது. அவற்றுள் நான்காவது கல்வி. 2030-க்குள் அனைவரையும் உள்ளடக்கிய, சமநீதியான, தரமான கல்வியையும் வாழ்நாள் முழுவதும் கற்கும் வாய்ப்பையும் உறுதிசெய்வது அதன் நோக்கம். பழைய இலக்கு தொடக்கப்பள்ளியோடு நின்றது. புதியது பாலர் கல்வி, இடைநிலைக் கல்வி, தொழிற்கல்வி, முதியோர் எழுத்தறிவு வரை போகிறது. அதன் 4.5 என்ற உட்பிரிவு ஆண், பெண் இடைவெளியைப் போக்கவும், மாற்றுத்திறனாளிகள், பூர்வகுடிகள், நலிந்த சூழலில் வாழும் பிள்ளைகள் ஆகியோர் எல்லா நிலைக் கல்வியையும் பெறவும் வழிசெய்யச் சொல்கிறது.

இதற்குப் பிறகு வேகம் குறைந்துவிட்டது. யுனெஸ்கோ 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, தொடக்கப்பள்ளி முதல் மேல்நிலை வரையிலான வயதில் 251 மில்லியன் பேர் பள்ளிக்கு வெளியே இருந்தார்கள். ஏறத்தாழ பத்து ஆண்டுகளில் இந்த எண் 1 விழுக்காடுதான் குறைந்திருந்தது. 2025-இல் புதிய மக்கள்தொகைத் தரவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அது 272 மில்லியனாக உயர்ந்தது. வறிய நாடுகளில் பள்ளி வயதினரில் 33 விழுக்காட்டினர் பள்ளியில் இல்லை. செல்வந்த நாடுகளில் அது 3 விழுக்காடு. ஆப்கானிஸ்தானில் 2021 முதல் பெண்பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்க முடியவில்லை. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் அவர்களுக்கு மூடப்பட்டது.

மாணவர்களே, இங்கு ஒரு எச்சரிக்கை. 57 மில்லியனையும் 251 மில்லியனையும் பக்கத்தில் வைத்து, "பள்ளிக்குப் போகாதோர் எண்ணிக்கை நான்கு மடங்கு கூடிவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள். முதல் எண் தொடக்கப்பள்ளி வயதினரை மட்டும் குறிக்கிறது. இரண்டாவது, மேல்நிலை வயது வரை எல்லாரையும் சேர்த்தது. எண்ணை எழுதும்போது அது யாரை எண்ணியது, எந்த ஆண்டு எண்ணியது என்று ஒரு சொல்லாவது சேர்த்து எழுதுங்கள்.

பள்ளியில் இருந்தும் படிக்காத பிள்ளை

பள்ளிக்குள் வந்த எல்லாரும் கற்கிறார்களா என்பது அடுத்த கேள்வி. உலக வங்கியும் யுனெஸ்கோவும் மற்ற அமைப்புகளும் 2022-இல் தந்த மதிப்பீட்டின்படி, குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்து வயதுப் பிள்ளைகளில் 70 விழுக்காட்டினரால் ஓர் எளிய பனுவலை வாசித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. பெருந்தொற்றுக்கு முன் அது 57 விழுக்காடாக இருந்தது.

நம் நாட்டில் தொடக்கப்பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் மிகக் குறைவு. ஆனால் பீசா அனைத்துலகத் தேர்வில் மலேசியாவின் வாசிப்புப் புள்ளி 2018-இல் 415, 2022-இல் 388. கணிதம் 440-இலிருந்து 409-க்கு இறங்கியது. அதே 2022-இல் ஓ.இ.சி.டி. நாடுகளின் சராசரி வாசிப்புப் புள்ளி 476. நம் பிள்ளைகள் வகுப்பறையில் இருக்கிறார்கள். அடைவு பின்தங்கியிருக்கிறது.

இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் நம் கவனத்துக்குரியது மொழி. உலக மக்களில் 40 விழுக்காட்டினருக்குத் தாங்கள் பேசும் அல்லது புரிந்துகொள்ளும் மொழியில் கல்வி கிடைப்பதில்லை என்று யுனெஸ்கோ 2016-இல் சுட்டிக்காட்டியது. வீட்டு மொழியில் வாசிக்கப் பழகிய பிள்ளை மற்ற மொழிகளையும் அந்த அடித்தளத்தின் மேல் கட்டிக்கொள்கிறது. நமக்கு இது அன்றாட அனுபவம். தமிழில் ஒரு பத்தியின் மையக்கருத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்த மாணவன் மலாய்ப் பத்தியிலும் அதைத் தேடத் தெரிந்துகொள்கிறான்.

நாம் வந்த வழி

இனி நம் கதை. 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் தொடங்கப்பட்டது. அதையொட்டி அமைந்த தமிழ் வகுப்பையே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொண்டு, 2016-இல் 200 ஆண்டு நிறைவைக் கொண்டாடினோம். அதாவது இந்தக் கதை நம் மாநிலத்தில் தொடங்கியது.

பிறகு கரும்புத் தோட்டங்களும் ரப்பர் தோட்டங்களும் வந்தன. மலாய்க் கூட்டு மாநிலங்களில் 1912-இல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குமேல் உள்ள தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. தோட்டத்துக்கு ஒரு பள்ளி என்ற நிலை அப்படித்தான் உருவானது. வாய்ப்பு கிடைத்தது. ஆனால் அந்தப் பள்ளிகளில் பல, ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியருமாகத்தான் நடந்தன. தோட்டத்துப் பிள்ளை தோட்டத்திலேயே வேலைக்குப் போனால் போதும் என்ற எண்ணமே அதன் பின்னால் இருந்தது.

1957-இல், நாடு சுதந்திரம் பெற்றபோது, தமிழ்ப்பள்ளிகள் 888. மாணவர்கள் ஏறத்தாழ 50,000. இன்று பள்ளிகள் 528. மாணவர்கள் ஏறத்தாழ 80,000. பள்ளி குறைந்தது, மாணவர் கூடினர். தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், சிறு பள்ளிகள் ஒன்றாக இணைக்கப்பட்டதும், மக்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்ததும் இதற்குக் காரணம். அந்த 528-இல் 28 பள்ளிகள் பினாங்கு மாநிலத்தில் உள்ளன.

செபராங் பிறை வடக்கில் உள்ள நம் தாசேக் கெலுகோர் வட்டாரத்தையே பாருங்கள். மேஃபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி, மாலாக்கோஃப் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்ற பெயர்களில் இன்னும் தோட்டம் இருக்கிறது. பிள்ளைகளோ தாமான்களிலிருந்தும், ரயில் பாதைக்கு இரு பக்கமும் உள்ள கம்பங்களிலிருந்தும் வேனிலும் மோட்டார் சைக்கிளிலும் வருகிறார்கள். பள்ளிக்கு நடந்தே போன காலம் மாறிவிட்டது. வேன் காசு கட்டினால்தான் பள்ளி என்று ஆகும்போது, வாய்ப்பு என்ற சொல்லுக்குள் வேன் காசும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சட்டங்களும் மாறி வந்தன. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. அதில் செய்த திருத்தத்தின்படி 2003 முதல் ஆறு ஆண்டுத் தொடக்கக் கல்வி கட்டாயமானது. பிள்ளையைச் சேர்க்கத் தவறும் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமுண்டு. 2019-இல் சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. 2025-இல் இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தத்தை மக்களவை நிறைவேற்றியது.

ஆறாம் ஆண்டுக்கும் படிவம் ஒன்றுக்கும் நடுவில்

பிள்ளைகள் ஒரு கல்வி நிலையிலிருந்து அடுத்ததற்குப் போகும் படிக்கட்டில்தான் அதிகம் தவறிவிடுகிறார்கள். உலக எண்களும் இதைத்தான் காட்டுகின்றன. தொடக்கப்பள்ளியில் சேர்வோர் மிகுதி. மேல்நிலையை முடிப்போர் குறைவு.

நம் பிள்ளைக்கு அந்தப் படிக்கட்டு ஆறாம் ஆண்டுக்கும் படிவம் ஒன்றுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரே நாளில் பயிற்று மொழி தமிழிலிருந்து மலாய்க்கு மாறுகிறது. சின்னப் பள்ளியிலிருந்து ஆயிரம் பேர் படிக்கும் பள்ளிக்குப் போகிறது. தேசிய மொழியில் போதிய அடைவு பெறாத மாணவர்கள் படிவம் ஒன்றுக்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகப் படிக்கும் ஏற்பாடு நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. வயதில் ஓராண்டு பின்தங்குவது சில பிள்ளைகளுக்குப் பெரிய சுமை. யு.பி.எஸ்.ஆர். 2021-லும் பி.தி.3 2022-லும் எடுக்கப்பட்ட பிறகு, பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பதை வெளியிலிருந்து காட்டும் பொதுத் தேர்வும் எஸ்.பி.எம். வரை இல்லாமல் போனது. வகுப்பாசிரியர் கண்டுபிடித்தால்தான் உண்டு என்ற நிலை வந்தது.

இந்த மாற்றத்தில் தமிழ் ஒரு பாடமாகவாவது கூட வந்தால், பிள்ளைக்குப் பழகிய ஒரு மொழியும், தன்னைத் தெரிந்த ஓர் ஆசிரியரும் புதிய பள்ளியில் இருப்பார்கள். வராவிட்டால்? ஆறு ஆண்டு படித்த மொழி அங்கேயே நின்றுவிடும். எஸ்.பி.எம். தமிழ் எழுதும் வாய்ப்பு பன்னிரண்டு வயதிலேயே மங்கிவிடும். எஸ்.பி.எம்.-இல் தமிழ் எழுதாதவர் நாளை தமிழாசிரியராக வருவதும் கடினம். ஆக, இன்று ஒரு பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாமல் போனால், பத்து ஆண்டு கழித்து இன்னொரு பள்ளியில் தமிழாசிரியர் இல்லாமல் போகலாம்.

பதினைந்து என்ற எண்

இங்குதான் சட்டத்தில் உள்ள ஒரு சிறு எண்ணை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தேசிய இடைநிலைப்பள்ளி என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்று இருக்கிறது. சீன மொழிக்கும் இதே விதி. தேசியத் தொடக்கப்பள்ளிக்கும் இதே விதி.

இந்த வாக்கியத்தில் மூன்று செய்திகள் உள்ளன.

ஒன்று, கேட்க வேண்டியவர் பெற்றோர். பள்ளி தானாக முன்வந்து வகுப்பு தொடங்கலாம், அது நல்லது. ஆனால் சட்டம் பெற்றோரின் கோரிக்கையைத்தான் சொல்கிறது. "பள்ளியில ஒன்னும் சொல்லலையே" என்று அம்மாவும் அப்பாவும் காத்திருந்தால், பள்ளியோ "யாரும் கேட்கலையே" என்று இருந்துவிடலாம். இரண்டு பக்கமும் தப்பு இல்லை. பிள்ளைக்குத்தான் தமிழ் இல்லை.

இரண்டு, கணக்கு பள்ளிக்கானது, ஒரு வகுப்புக்கானது அன்று. அப்பள்ளியில் பயிலும் 15 மாணவர்கள் என்பதே சட்டத்தின் சொல். படிவம் ஒன்றில் மட்டும் 15 பேர் வேண்டும் என்று பலர் தவறாக நினைத்துப் பின்வாங்கிவிடுகிறார்கள்.

மூன்று, பிள்ளைகள் எப்படிப் பிரிந்து போகிறார்கள் என்பதைப் பொறுத்து இந்த எண் கூடும், குறையும். எடுத்துக்காட்டுக்காக ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டில் 18 பேர் இருக்கிறார்கள். 7 பேர் ஓர் இடைநிலைப்பள்ளிக்கும், 6 பேர் இன்னொன்றுக்கும், 5 பேர் மூன்றாவதற்கும் போகிறார்கள். 18 பேர் இருந்தும் எந்தப் பள்ளியிலும் 15 இல்லை. "ஆள் பத்தல" என்று விட்டுவிடுவோம். ஆனால் முதல் பள்ளியில் ஏற்கெனவே படிவம் இரண்டில் 4 பேர், மூன்றில் 3 பேர், நான்கில் 2 பேர் இருந்தால்? 7, 4, 3, 2 கூட்டினால் 16. எண் வந்துவிட்டது! அங்கே பக்கத்து வட்டாரத் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களை யாரும் ஒரே பட்டியலில் சேர்த்துப் பார்க்காததால்தான் ஆள் போதவில்லை என்று தோன்றியது.

கோரிக்கை வைத்த மறுநாளே தமிழாசிரியர் வந்து நிற்பார் என்று நான் சொல்லவில்லை. ஆசிரியர் நியமனம், கால அட்டவணை எல்லாம் உண்டு. பல இடங்களில் தமிழ் வகுப்பு பள்ளி நேரத்துக்குப் பிறகு நடக்கிறது. அப்போது வேன் போய்விடும் என்பதால் பிள்ளை நின்றுவிடுகிறது. ஆனால் எழுத்தில் வந்த கோரிக்கைக்கு நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும். வாய்ச்சொல்லுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஆசிரியர்கள் செய்யக்கூடியவை

பெரிய திட்டம் தேவையில்லை. ஆறாம் ஆண்டு வகுப்பாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் சேர்ந்தால் போதும்.

1. படிவம் ஒன்றுக்கான இடம் தெரிந்ததும், எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். ஒரு தாள் போதும்.

2. அந்தப் பட்டியலைப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒரே இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் மொத்த எண்ணிக்கை தெரிந்துவிடும்.

3. பெற்றோரை ஒரு மாலை கூப்பிட்டு விளக்குங்கள். மலாயில் ஒரு பக்கக் கடிதம் தயார்செய்து கொடுங்கள். பெற்றோர் பெயர், பிள்ளையின் பெயர், வகுப்பு, கையொப்பம். கடிதம் எழுதத் தெரியாததால் கேட்காமல் போன பெற்றோர் இருக்கிறார்கள். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க டீச்சர்" என்பார்கள். தெரியாததை எழுதிக்கொடுப்பது நம் தொழில்தானே.

4. இடைநிலைப்பள்ளியில் ஏற்கெனவே படிக்கும் நம் பழைய மாணவர்களின் பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. பள்ளி தொடங்கிய முதல் வாரங்களிலேயே கடிதம் போகட்டும். கால அட்டவணை முடிவாகிவிட்ட பிறகு போனால் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்பார்கள். கடிதத்தின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

6. வேன், நேரம் இரண்டையும் அப்போதே பேசுங்கள். வகுப்பு கிடைத்தும் வண்டி இல்லாமல் போனால், எல்லா உழைப்பும் வீண்.

சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளையும் இந்தப் பட்டியலில் விட்டுவிடாதீர்கள். அவர்களின் பெற்றோர் தமிழ் வகுப்பைப் பற்றிக் கேட்கவே தயங்குவார்கள். அவர்கள் கையொப்பமும் அந்த 15-இல் ஒன்றுதான்.

தேர்வு மாணவர்களுக்கு

இத்தலைப்பில் கருத்து விளக்கக் கட்டுரையோ விவாதக் கட்டுரையோ வந்தால், பலர் "கல்வி கண் போன்றது" என்று தொடங்கி இரண்டு பத்தியை வீணாக்குகிறார்கள். பின்வரும் அமைப்பைப் பயன்படுத்திப் பாருங்கள்.

முன்னுரை: கல்வியில் சமவாய்ப்பு என்றால் என்ன என்று ஒரே வாக்கியத்தில் விளக்குங்கள். 2030 இலக்கைச் சுட்டுங்கள்.

முதல் கருத்து, முன்னேற்றம்: 2000-க்கும் 2015-க்கும் இடையில் பள்ளிக்குப் போகாத தொடக்கப்பள்ளி வயதினர் 100 மில்லியனிலிருந்து 57 மில்லியனாகக் குறைந்தது. மலேசியாவில் 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம்.

இரண்டாம் கருத்து, தடைகள்: வறுமை, தூரம், மொழி, உடற்குறை, பால் வேறுபாடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று போதும். பால் வேறுபாடு என்றவுடன் பெண்கள் மட்டுமே பின்தங்கியவர்கள் என்று எழுத வேண்டாம். ஆப்கானிஸ்தானில் நிலைமை அப்படி. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பெண்களே ஆண்களைவிட அதிகம். அங்கே ஆண்பிள்ளைகள் ஏன் குறைகிறார்கள் என்று கேட்பதும் சமவாய்ப்புக் கேள்விதான்.

மூன்றாம் கருத்து, தரம்: பள்ளியில் இருப்பதும் கற்பதும் ஒன்றல்ல என்பதற்குப் பீசா புள்ளிகளைக் காட்டுங்கள்.

நான்காம் கருத்து, தீர்வு: துணை உணவு, உதவித் தொகை, தாய்மொழி வகுப்பு, சிறப்புக் கல்வி. சமத்துவத்துக்கும் சமநீதிக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே எடுத்துக்காட்டோடு எழுதினால் தேர்வாளர் கவனம் உங்கள் பக்கம் திரும்பும்.

முடிவுரை: அரசாங்கம் செய்ய வேண்டும் என்று மட்டும் எழுதி முடிக்காதீர்கள். பெற்றோர், ஆசிரியர், மாணவர் என மூவருக்கும் ஒவ்வொரு வேலை கொடுங்கள்.

எழுதிப் பழக மூன்று கேள்விகள்:

அ. "பள்ளிக்கூடம் திறந்திருந்தால் போதும், சமவாய்ப்பு கிடைத்துவிடும்." இக்கூற்றை ஏற்கிறீர்களா? விவாதித்து எழுதுக.

ஆ. தாய்மொழிக் கல்வி ஒரு மாணவரின் மற்றப் பாட அடைவுக்கு எவ்வாறு துணைபுரிகிறது என்பதை விளக்கி எழுதுக.

இ. உங்கள் பள்ளியில் தமிழ்மொழி வகுப்பு நடத்தக் கோரி, பெற்றோர் சார்பில் பள்ளி முதல்வருக்கு ஓர் அதிகாரப்பூர்வக் கடிதம் எழுதுக.

மூன்றாவது கேள்வியை வெறும் பயிற்சி என்று நினைக்க வேண்டாம். எழுதி முடித்ததை வீட்டில் அம்மா, அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள். உங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையென்றால், அதை மலாயில் மொழிபெயர்த்தால் உண்மையான கடிதமாகவே ஆகிவிடும்.

நிறைவாக

2030-க்கு அதிக ஆண்டுகள் இல்லை. 272 மில்லியன் என்ற எண்ணை நாம் தாசேக் கெலுகோரில் உட்கார்ந்து மாற்றிவிட முடியாது. 15 என்ற எண்ணை மாற்ற முடியும். பதினான்கு கையொப்பம் இருக்கும் கடிதத்துக்கும் பதினைந்து இருக்கும் கடிதத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு வீடுதான். அந்த வீட்டுக்கு ஒரு போன் போடுவதற்கு யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை.

அடுத்த முறை ஆறாம் ஆண்டுப் பிள்ளை, "டீச்சர், அந்த ஸ்கூல்ல தமிழ் இருக்கா?" என்று கேட்டால், "உன்னோட சேர்த்து அங்க எத்தனை பேர் போறீங்க? பேரச் சொல்லு, எழுதிக்கிறேன்" என்று பதில் சொல்லிப் பாருங்கள்.